மூளை இரத்தக் குழாய் அழற்சி

பேச்சு திடீரெனக் குழறினால், கைகால் தளர்ந்தால், அது பெரும்பாலும் பக்கவாதம். மிக அரிதாக, மூளை இரத்தக் குழாய்களின் அழற்சியாகவும் இருக்கலாம். இதைக் கண்டறிவது எப்படி?

1988இல் கலபிரீஸ், மல்லெக் என்னும் ஆய்வாளர்கள் மூன்று விதிகளை வகுத்தனர். வேறு காரணம் புலப்படாத மூளைக் கோளாறு இருக்கவேண்டும். இரத்தக் குழாய்ப் படத்திலோ திசுச் சோதனையிலோ அழற்சி தெரியவேண்டும். இதைப் போலவே தோன்றும் பிற நோய்கள் இல்லையென உறுதியாகவேண்டும்.

நம் நாட்டில் மூன்றாம் விதியே உயிர்காப்பது. மூளைச் சவ்வைத் தாக்கும் காசநோயும் குழாய்களைச் சுருக்கும். அதை அறியாமல் ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் கிருமி பெருகும். ஆகவே முதுகுத் தண்டு நீரையும் சோதிப்பர்.

மீஞ்சூர் மின்ரயில் சேரும் சென்ட்ரலின் எதிரேயுள்ள அரசு பொது மருத்துவமனையில், 1950இலேயே டாக்டர் இராமமூர்த்தி மூளை அறுவைச் சிகிச்சையைத் தொடங்கினார். குறி கண்டால் மந்திரித்துக் காத்திராமல், உடனே மருத்துவரிடம் விரைவோம்!