சக்கர வீடு – 9: ஜெனரேட்டர்

அமெரிக்காவில் டிரெய்லரை இழுத்துச் சென்று, மின் இணைப்பு இல்லாத காட்டிலோ பாலைவனத்திலோ தங்குபவர்களுக்கு எவ்வளவு பெரிய ஜெனரேட்டர் வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கூரையில் உள்ள ஏ.சி.தான். விளக்குகள், தண்ணீர் பம்ப், ஹீட்டரின் விசிறி எல்லாம் 12 வோல்ட் பேட்டரியில் ஓடுகின்றன. ஃபிரிட்ஜும் பல டிரெய்லர்களில் புரோப்பேன் எரிவாயுவிலேயே இயங்கும். ஏ.சி. வேண்டாம் என்றால், பேட்டரி சார்ஜ் செய்வதும் எப்போதாவது மைக்ரோவேவ் போடுவதும்தான் மிச்சம். அதற்கு 2,000 வாட் வகை போதும்.

13,500 பி.டி.யு. ஏ.சி. ஓடும்போது ஏறக்குறைய 1,500 வாட் எடுக்கும். கம்ப்ரசர் கிளம்பும் நொடியிலோ அதைப்போல இரு மடங்குக்கு மேல் கேட்கும். ஜெனரேட்டரின் மேல் பெரிதாகப் போட்டிருக்கும் எண் சிறிது நேரமே தாங்கக்கூடிய உச்ச அளவு. ஹோண்டா இ.யு.2200ஐ மாடலின் உச்சம் 2,200 வாட். தொடர்ந்து தருவது 1,800. வாங்குபவர் பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது எண்தான். உயரமான இடங்களில் அதுவும் குறையும். ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 3.5 சதவீதம் திறன் இழப்பு என்பது பொதுக் கணக்கு. அரிசோனாவில் ஃபீனிக்ஸில் ஏ.சி.யைக் கிளப்பிய ஜெனரேட்டர், 7,000 அடி உயர ஃபிளாக்ஸ்டாஃபில் திணறலாம்.

இந்தத் திணறலைத் தவிர்க்க இரண்டு வழிகள் உண்டு. ஏ.சி.யில் சாஃப்ட் ஸ்டார்ட்டர் பொருத்தினால் அந்தத் தொடக்க இழுப்பு வெகுவாகத் தணியும். அல்லது ஒரே மாதிரியான இரண்டு சிறிய ஜெனரேட்டர்களை அதற்கான கேபிளால் இணைக்கலாம். மேற்சொன்ன ஹோண்டா இரண்டு என்றால் 3,600 வாட் கிடைக்கும். 30 ஆம்பியர் டிரெய்லரின் முழுத் தேவையும் அவ்வளவே. ஒவ்வொன்றும் 21 கிலோவுக்குச் சற்றே அதிகம் என்பதால் ஒருவரே தூக்கலாம், ஏ.சி. தேவைப்படாத பயணத்தில் ஒன்றை வீட்டிலேயே விட்டுப் போகலாம். பெரிய ஒன்றைவிட இதுவே சிறந்த ஏற்பாடு.

கட்டுமான வேலைகளில் பார்க்கும் சட்டம் போட்ட மலிவு ஜெனரேட்டர் முகாமுக்கு ஆகாது. சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஒரே வேகத்தில் அலறும். இன்வெர்ட்டர் வகையில் சுமைக்கேற்ப எஞ்சின் வேகம் இறங்கும். சத்தமும் பெட்ரோல் செலவும் குறையும். ஏ.சி.யைப் போடும்போது மட்டும், இப்படி வேகத்தை இறக்கும் சிக்கன சுவிட்சை அணைத்து வைக்க வேண்டும்.

நினைத்த நேரத்தில் எல்லாம் ஓட்டவும் முடியாது: யோசெமிட்டி தேசியப் பூங்காவின் முகாம்களில் காலை 7–9, பகல் 12–2, மாலை 5–7 மணிக்கு மட்டுமே ஜெனரேட்டர் அனுமதி. சார்ஜ் செய்ய ஏற்றது காலை வேளை: இரவில் இறங்கிய லெட்-ஆசிட் பேட்டரி முதலில் வேகமாக ஏறும், நிரம்ப நிரம்ப மந்தமாகும். கடைசி 20 சதவீதத்துக்காக எஞ்சினை மணிக்கணக்கில் ஓட்டுவது வீண். அதைச் சூரியத் தகட்டிடம் விடலாம். ஜெனரேட்டரிலுள்ள 12 வோல்ட் முனையிலிருந்து கிடைக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு. டிரெய்லரின் மின் கேபிளையே 120 வோல்ட் சாக்கெட்டில் சொருகினால் உள்ளிருக்கும் கன்வெர்ட்டர் வேலையை விரைவாக முடிக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது புகை. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குபவரைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். ஜெனரேட்டர் குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் ஆள் இல்லாத பக்கம் திரும்பி இருக்க வேண்டும். பக்கத்துக் கூடாரத்தில் படுத்திருப்பவரும் இந்தக் கணக்கில் சேர்வார். மழை வந்தாலும் டிரெய்லரின் முன்பந்தலுக்குக் கீழே கொண்டுவரக் கூடாது. உள்ளே கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் சோதிப்பது அவசியம். இரவில் தூங்கும் நேரத்தில் ஓட்டாமலிருப்பதே பாதுகாப்பு.

பெட்ரோல் ஊற்றுவது எஞ்சின் ஆறிய பிறகே. புது எஞ்சினுக்கு முதல் 20 மணி நேரத்திலும், பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறையும் ஆயில் மாற்ற வேண்டும். சீசன் முடிந்து எடுத்து வைக்கும்போது டாங்கியைக் காலி செய்து, பெட்ரோல் வால்வை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட விட்டால் கார்புரேட்டரில் பிசின் படியாது.