மாத்திரை வயிற்றுக்குள் போனால் போதுமா?



எங்கள் பாட்டிக்குச் சர்க்கரை நோய். தினமும் இரண்டு வேளை இன்சுலின் ஊசி. போட்டுவிடுவது நான்தான். "வலிக்குது, நாளைக்குப் போட்டுக்கலாம்" என்று சில நாள் தட்டிக்கழிக்கப் பார்ப்பார். போன மாதம் ஒருநாள், "ஏன் கண்ணு, காய்ச்சலுக்கு மாத்திரை முழுங்குறோம்ல? இந்த மருந்தையும் மோருல ஊத்திக் குடிச்சா என்ன?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. உயிரியல் மிஸ்ஸிடம் கேட்டேன். நானும் தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மாத்திரை வயிற்றுக்குள் போனால் மட்டும் போதாது. அது கரைந்து, குடல் சுவரில் இருக்கும் செல்களைக் கடந்து, ரத்தத்தில் சேர வேண்டும். செல் சவ்வு இரண்டு அடுக்குக் கொழுப்பால் ஆனது என்று பாடத்தில் படித்திருக்கிறோம் அல்லவா? சின்னதாக, ஓரளவு கொழுப்பில் கரைகிற மூலக்கூறு அதற்குள் நுழைந்து மறுபக்கம் வந்துவிடும். பெரிய மூலக்கூறு வாசலிலேயே நின்றுவிடும்.

சரி, ஒரு புது மருந்து எவ்வளவு எளிதாகக் கடக்கும் என்று, மனிதருக்குக் கொடுக்கும் முன்பே எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்? இரண்டு வழிகளைப் பார்ப்போம்.

முதல் வழி: வளர்த்த செல்கள்

'கேக்கோ-2' என்று ஒரு வகை செல் உண்டு. மனிதப் பெருங்குடல் புற்றுநோய்க் கட்டியிலிருந்து 1970-களில் எடுத்து வளர்க்கப்பட்டது. இதை நுண்துளை உள்ள வடிதாளின் மேல் சுமார் 21 நாள் வளர்த்தால், செல்கள் ஒன்றோடொன்று நெருக்கமாக ஒட்டி ஒரே அடுக்காக நிற்கும். ஆச்சரியம் என்னவென்றால், பெருங்குடலில் பிறந்த இந்தச் செல்கள் சிறுகுடல் செல்களைப் போலவே மாறிவிடும்! 1989-ல் ஹிடால்கோ, ராப், போர்ச்சார்ட் என்ற மூன்று ஆய்வாளர்கள், குடலுக்கு மாதிரியாக இதைப் பயன்படுத்தலாம் என்று காட்டினார்கள்.

மேலே மருந்துக் கரைசலை ஊற்றி, கீழே எவ்வளவு இறங்குகிறது என்று அளப்பார்கள். செல்களுக்கு நடுவே ஓட்டை இருந்தால் கணக்கே தப்பாகிவிடும். அதனால் முதலில் மின்தடையை அளந்து சரிபார்ப்பார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. மேலே 1 மி.லி.க்கு 100 மைக்ரோகிராம் மருந்து. பரப்பு 1 ச.செ.மீ. ஒரு மணி நேரத்தில், அதாவது 3,600 விநாடியில், கீழே வந்தது 3.6 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு விநாடிக்கு 0.001. அதைப் பரப்பாலும் 100-ஆலும் வகுத்தால் விநாடிக்கு 0.00001 செ.மீ. இதுதான் அந்த மருந்தின் ஊடுருவும் திறன். பார்க்க ஒன்றுமில்லாத மாதிரி இருந்தாலும் இது நல்ல மதிப்பெண்தான்! ஆய்வகத்துக்கு ஆய்வகம் எண் மாறும். ஆகவே எளிதாகக் கடக்கும் புரோப்ரனலால், குறைவாகக் கடக்கும் அட்டெனலால் போன்ற தெரிந்த மருந்துகளையும் கூடவே வைத்து ஒப்பிடுவார்கள்.

இரண்டாம் வழி: செல்லே இல்லாத சவ்வு

21 நாள் யார் காத்திருப்பது? 1998-ல் ரோச் நிறுவனத்தின் கான்சியும் குழுவினரும் ஒரு குறுக்குவழி சொன்னார்கள். வடிதாளில் லெசித்தின் என்ற கொழுப்பைத் தடவிச் செயற்கைச் சவ்வு செய்தார்கள். (முட்டை மஞ்சள் கருவில் இருக்கிறதே, அதே லெசித்தின்தான்.) 96 குழிகள் உள்ள ஒரே தட்டில் பல மருந்துகளைச் சில மணி நேரத்தில் சோதித்துவிடலாம். செலவும் குறைவு.

ஆனால் இதில் ஒரு குறை. உயிருள்ள செல்லில் காவல்காரப் புரதங்கள் உண்டு. உள்ளே வந்த மருந்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். இதய மருந்தான டிகாக்சினுக்கு இப்படி நடக்கிறது. கேக்கோ-2-ல் மருந்தைக் கீழிருந்து மேலாகவும் அனுப்பிப் பார்த்தால் இது தெரிந்துவிடும். கொழுப்புத் தாளில் தெரியாது.

இனி பாட்டியின் கேள்வி. பாராசிட்டமாலின் மூலக்கூறு எடை 151. இன்சுலினுடையது சுமார் 5,800. ஏறத்தாழ 38 மடங்கு! சவ்வைக் கடப்பது ரொம்பக் கஷ்டம். அதோடு இன்சுலின் ஒரு புரதம். மோரில் கலந்து குடித்தால் பருப்பு, முட்டையைச் செரிப்பது போல வயிறும் குடலும் அதையும் செரித்துவிடும். பாட்டிக்கு மருந்து கிடைக்காது, சர்க்கரை ஏறிவிடும்.

வழியே இல்லையா? 2019-ல் செமாகுளூடைடு என்ற சர்க்கரை நோய் மருந்து அமெரிக்காவில் மாத்திரையாக அனுமதி பெற்றது. இதுவும் பெரிய மூலக்கூறுதான் (இன்சுலின் அல்ல). சவ்வைக் கடக்க உதவும் ஒரு பொருளைக் கூடச் சேர்த்திருக்கிறார்கள். அப்படியும் நூற்றில் ஒரு பங்கு அளவுகூட ரத்தத்தில் சேர்வது அரிது.

எல்லாவற்றையும் பாட்டியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ அந்தத் தோலுக்குள்ள போக ஊசிதான் வழிங்குற. சரி, போடு" என்று கையை நீட்டினார். அதற்குப் பிறகு ஒருநாள்கூடத் தட்டிக்கழிக்கவில்லை.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் யாராவது ஊசிக்குப் பயந்தால் இதைச் சொல்லிப் பாருங்கள்.

– 11-ஆம் வகுப்பு மாணவி, அறிவியல் பிரிவு