சம்பளச் சீட்டு இல்லாதவரும் சேமநிதி கட்டலாம்!

ஒரே தோட்டத்தில், ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்த அண்ணன் தம்பி இருவரை எனக்குத் தெரியும். அண்ணன் செம்பனைத் தோட்டத்திலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். தம்பி பட்டணத்துக்குப் போய், முதலில் கூலிக்கு லாரி ஓட்டி, பிறகு சொந்தமாகவே ஒரு லாரி வாங்கினார். தீபாவளிக்கு ஊருக்கு வந்தால் தம்பியின் கையில்தான் பணம் தாராளமாகப் புழங்கும்.

“பிடித்தம் போக என்னண்ணே மிஞ்சுது உங்களுக்கு?” என்று கேலி செய்வார். அண்ணன் சிரித்துக்கொள்வார்.

காலம் ஓடியது. அண்ணனுக்கு 55 வயதானபோது, அவர் பெயரில் ஊழியர் சேமநிதியில் ஒரு நல்ல தொகை சேர்ந்திருந்தது. வீட்டுக் கடன் பாக்கியை அடைத்துவிட்டு மீதியை அப்படியே விட்டுவைத்தார். தம்பிக்கு 55 ஆனபோது எஞ்சியவை முதுகுவலியும் ஒரு பழைய லாரியும்தாம்.

அண்ணன் பெரிய சிக்கனக்காரர் ஒன்றுமில்லை. அவரைக் கேட்காமலேயே மாதா மாதம் பிடித்தார்கள். தம்பிக்குப் பிடிக்க ஆளில்லை. அவ்வளவுதான் வேறுபாடு!

பிடித்தத்தின் கணக்கு

ஊழியர் சேமநிதி வாரியம் 1951இல் தோன்றியது. தொடக்கத்தில் தொழிலாளி 5 விழுக்காடு, முதலாளி 5 விழுக்காடு கட்டினார்கள். இன்று 60 வயதுக்குட்பட்ட மலேசியத் தொழிலாளியிடம் 11 விழுக்காடு பிடிக்கப்படுகிறது. சம்பளம் 5,000 வெள்ளியோ அதற்குக் கீழோ இருந்தால் முதலாளி 13 விழுக்காடு போட வேண்டும். அதற்கு மேல் என்றால் 12.

மாதம் 1,700 வெள்ளி சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொழிலாளியின் பங்கு 187 வெள்ளி. முதலாளியின் பங்கு 221 வெள்ளி. இரண்டும் சேர்ந்து மாதம் 408 வெள்ளி! ‘பிடித்தம்’ என்று நாம் அலுத்துக்கொள்ளும் இடத்தில், நம் காசைவிட அதிகமாக முதலாளியின் காசு சேர்கிறது.

யாரும் பிடிக்காவிட்டால்?

இன்று நம் பிள்ளைகளில் பலர் சம்பளச் சீட்டு இல்லாத தொழில் செய்கிறார்கள். லாரி ஓட்டுகிறவர், இரவுச் சந்தையில் கடை போடுகிறவர், வீட்டிலிருந்தே துணி தைத்துக் கொடுக்கும் சகோதரி, வடை சுட்டு விற்கும் அம்மா என்று எத்தனையோ பேர். இவர்களுக்குச் சேமநிதி கிடையாது என்றே பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. தாமாகவே கட்டலாம்.

எவ்வளவு கட்டலாம்? ஆண்டுக்கு 1,00,000 வெள்ளி வரை. முன்பு 60,000 வெள்ளியாக இருந்த இந்த வரம்பு 2023இல் உயர்த்தப்பட்டது.

“லட்சம் வெள்ளிக்கு நான் எங்கே போவேன்?” என்று கேட்பீர்கள். நியாயம்தான். நம்மைப் போன்றவர்கள் நினைவில் வைக்க வேண்டிய எண் வேறு. அது 2,500.

சொந்தத் தொழில் செய்யும் 60 வயதுக்குட்பட்ட மலேசியர்களுக்காக ‘ஐ-சாரான்’ என்றொரு திட்டம் இருக்கிறது. அதில் பதிந்துகொண்டு கட்டினால், கட்டிய தொகையில் 20 விழுக்காட்டை அரசாங்கம் தன் பங்காகச் சேர்க்கும் என்று 2025இல் விதி வந்தது. ஆனால் ஆண்டுக்கு 500 வெள்ளிதான் உச்சம். வாழ்நாளுக்கு மொத்தம் 5,000 வெள்ளி. ஆக, ஆண்டுக்கு 2,500 வெள்ளி கட்டுகிறவருக்கு அந்த 500 வெள்ளி முழுமையாகக் கிடைக்கும்.

2,500 வெள்ளி என்பது நாளொன்றுக்கு ஏறக்குறைய 7 வெள்ளி. கடையில் ஒரு தேநீருக்கும் இரண்டு ரொட்டி சானாய்க்கும் ஆகிற காசு!

பத்தாண்டுகள் இப்படிக் கட்டினால் உங்கள் பணம் 25,000. அரசாங்கத்தின் பணம் 5,000. இதற்கு மேல் இலாப ஈவும் உண்டு. வழக்கமான கணக்குக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் குறைந்த அளவை வைத்துப் பார்த்தாலும் கையிருப்பு 33,600 வெள்ளியை எட்டும். 2024ஆம் ஆண்டுக்கு வாரியம் அறிவித்ததோ 6.30 விழுக்காடு.

போட்ட பணத்தை எடுக்க முடியுமா?

இதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. 2024 மே 11 முதல் 55 வயதுக்குட்பட்டவர்கள் கட்டும் பணம் மூன்று பங்காகப் பிரிகிறது. 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்குக்குப் போகும். வீடு, படிப்பு, மருத்துவம் போன்றவற்றுக்கு உதவும் கணக்குக்கு 15 விழுக்காடு. எந்த நேரமும் எடுக்கக்கூடிய கணக்குக்கு 10 விழுக்காடு. எனவே அடுத்த மாத வாடகைக்கு வேண்டிய பணத்தை இங்கே போடாதீர்கள். இது முதுமைக்கான பணம்.

கோவிட் காலத்தில், 2020 முதல் 2022 வரை, சிறப்பு அனுமதியின் பேரில் உறுப்பினர்கள் சுமார் 14,500 கோடி வெள்ளியை எடுத்தார்கள். பசிக்கு எடுத்தவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்தக் குழியை நிரப்பும் வேலை இன்னும் பலருக்கு மீதமிருக்கிறது.

மறக்கக் கூடாத நான்கு

முதலாவது, கட்டினால் மட்டும் போதாது. ஐ-சாரானில் பெயரைப் பதிய வேண்டும். பதியாவிட்டால் அரசாங்கத்தின் பங்கு வராது. சலுகை அளவு காலத்துக்குக் காலம் மாறுவதால், கட்டுமுன் வாரியக் கிளையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, உங்களுக்குப் பின் பணம் யாருக்கு என்று பெயர் கொடுத்துவிடுங்கள். மணமாகும் முன் தாயின் பெயரைக் கொடுத்தவர்கள் அதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அது தானாக மாறிவிடாது.

மூன்றாவது, சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள் கணக்கறிக்கையைப் பார்க்கப் பழகுங்கள். ஒரு மாதப் பங்கை முதலாளி அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும்.

நான்காவது, 55 ஆனதும் மொத்தமாக எடுத்துவிடாதீர்கள். விட்டுவைக்கும் பணத்துக்கு 100 வயது வரை இலாப ஈவு உண்டு.

அந்தத் தம்பியின் மகன் இப்போது பட்டணத்தில் ஏர்கண்டிஷன் பழுதுபார்க்கும் தொழில் செய்கிறான். சென்ற ஆண்டு பெரியப்பாதான் அவனைக் கையோடு வாரியக் கிளைக்கு அழைத்துப் போனார். அப்பாவும் கூடவே போனார். பதிந்துவிட்டு வெளியே வந்ததும் அப்பா மகனிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாராம்:

“எனக்குப் பிடிக்க ஆளில்லைடா. உனக்கு நீயே பிடிச்சுக்கோ.”

சிறுதுளி பெருவெள்ளம் என்பது பழைய பேச்சுத்தான். ஆனால் முதல் துளி விழ வேண்டுமே! இன்றைக்கு ஏழு வெள்ளியை எடுத்து வையுங்கள், வாசகர்களே.