வெயிலைத் தேடும் காதற் கதைகள்

கோடை நெருங்கியதும் இலண்டன் புகையிரத நிலையங்களிலும் விமான நிலையங்களிலும் உள்ள புத்தகக் கடைகளின் முகப்பு நிறம் மாறிவிடுகின்றது. நீலக்கடல், வெள்ளைச் சுவர், அதன்மேற் படர்ந்த போகன்விலாக் கொடி, மேசைமீது ஒரு வைக்கோல் தொப்பி. அட்டையைப் பார்த்ததுமே கதையையும் ஊகித்துவிடலாம். காதலில் ஏமாந்த, அல்லது வேலை இழந்த, அல்லது தாயைப் பறிகொடுத்த ஓர் ஆங்கிலப் பெண், மழை ஓயாத தன் நகரத்தை விட்டுக் கிரேக்கத் தீவொன்றுக்கோ இத்தாலியக் கிராமமொன்றுக்கோ செல்கின்றாள். அங்கே ஒரு பழைய வீடு, அன்பான ஒரு மூதாட்டி, அதிகம் பேசாத ஓர் ஆடவன். கடைசிப் பக்கத்துக்குள் அவளது மனப்புண் ஆறிவிடுகின்றது. அவள் திரும்பிப் போகும் பயணச்சீட்டுக்கு வேலையில்லாமற் போகின்றது.

பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களில் இத்தகைய நாவல்களுக்கு இடம் கிடைப்பது அரிது. விமர்சகரும் ஒரு புன்னகையுடன் இவற்றைக் கடந்து செல்வர். ஆனால் நம் இல்லங்களில் இவை புகுந்து வெகுகாலம் ஆகின்றது. பிள்ளைகள் நூலகத்திலிருந்து கொண்டு வருகின்றார்கள். இரவு வேலை முடித்துத் திரும்பும் பெண்கள் பேருந்தில் வாசிக்கின்றார்கள். ஆகவே இவை வாசகருக்கு எதைத் தருகின்றன, எதைக் காட்டாமல் விடுகின்றன என்பதை நிதானமாக ஆராய்வது பயனுடையது என்று கருதுகின்றோம்.

ஒரு விளம்பரத்தில் தொடங்கிய பயணம்

இவ்வகைக் கதை நேற்றுத் தோன்றியதன்று. 1922இல் எலிசபெத் வொன் ஆர்னிம் எழுதிய 'தி என்சாண்டட் ஏப்ரல்' என்ற நாவலை இதன் மூதாதை எனலாம். மழைபெய்யும் இலண்டனில், ஒருவரையொருவர் அதிகம் அறியாத இரு குடும்பப் பெண்கள், இத்தாலியில் சிறு கோட்டையொன்று ஏப்ரல் மாதத்துக்கு வாடகைக்கு உண்டு என்ற பத்திரிகை விளம்பரத்தைக் காண்கின்றார்கள். செலவைப் பங்கிட மேலும் இருவரைச் சேர்த்துக்கொண்டு நால்வராகப் புறப்படுகின்றார்கள். வெயிலும் பூக்களும் கடலும் ஒரு மாதத்தில் அந்த நால்வரையும் மாற்றிவிடுகின்றன. ஆசிரியை போர்ட்டோஃபினோவில் உள்ள ஒரு கோட்டையில் தங்கியிருந்த அனுபவமே கதைக்கு வித்திட்டது.

அக்காலத்தில் அத்தகைய பயணம் வசதி படைத்தோர்க்கே உரியது. அதனைச் சாதாரண மக்களின் கைக்கு எட்டச் செய்தவர் விளாடிமிர் ரைட்ஸ். மொஸ்கோவிற் பிறந்து, நாடு பெயர்ந்து, சிறுவனாக இலண்டன் வந்து சேர்ந்தவர் அவர். 1950இல் விமானப் பயணம், தங்குமிடம், உணவு அனைத்தையும் சேர்த்து 32 பவுண் 10 சிலிங்குக்குக் கோர்சிகாத் தீவின் கால்வி நகருக்குப் பயணிகளை அழைத்துச் சென்றார். அதுவே இன்றைய மொத்தக் கட்டணச் சுற்றுலாவின் தொடக்கம். பிரித்தானியருக்கு மத்தியதரைக் கடலின் வெயிலை அறிமுகஞ் செய்தவர்களுள் ஒருவர் ஒரு புலம்பெயர்ந்தவர் என்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும்.

பதிப்பகங்களும் பின்தங்கவில்லை. 1908இல் இலண்டனில் தொடங்கப்பட்ட மில்ஸ் அன்ட் பூன், காலப்போக்கில் காதல் நாவலுக்கே மறுபெயராயிற்று. 1949இல் கனடாவின் வினிபெக் நகரில் தோன்றிய ஹார்லெக்வின் பதிப்பகம் 1971இல் அதனை வாங்கியது. அதன் கதாநாயகிகள் பெரும்பாலும் இளம்பெண்கள், நாயகர்கள் செல்வந்தர்கள். இன்றைய வெயில் நாவல்களில் நாற்பது, ஐம்பது வயதுப் பெண்களும் விதவையரும் மணமுறிவு பெற்றோரும் தாராளமாக வருகின்றார்கள். நாயகன் கோடீசுவரனாய் இருக்கவேண்டியதில்லை. ஒலிவ் தோட்டம் வைத்திருந்தாலே போதும்.

இந்த மாற்றத்துக்கு வழிவிட்டவற்றுள் ஒரு நாடகமும் உண்டு. வில்லி ரஸ்ஸல் 1986இல் எழுதி, 1989இல் திரைப்படமான 'ஷேர்லி வலன்டைன்' லிவர்பூல் நகரத்து நடுத்தர வயதுக் குடும்பப் பெண் ஒருத்தியின் கதை. பேச்சுத் துணைக்கு ஆளில்லாது சமையலறைச் சுவருடன் பேசிக்கொண்டிருந்தவள், கிரேக்கத்துக்கு இரண்டு வாரம் சென்று, திரும்ப மறுத்துவிடுகின்றாள். அங்கு ஒரு காதலன் கிடைக்கின்றான். ஆனால் அவளைத் தங்கவைப்பது அவன் அல்லன். தொலைந்துபோன தன்னையே அவள் அங்கு கண்டெடுக்கின்றாள். பனி மூடிய ஒரு நகரின் அடுக்குமாடியில், கணவன் வேலைக்கும் பிள்ளைகள் பாடசாலைக்கும் போனபின், மொழி தெரியாது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த நம் பெண்களுக்கு இந்தக் கதையை எவரும் விளக்கத் தேவையில்லை.

நெய்தல் மாறிய விதம்

நிலத்தையும் காதலையும் இணைத்துப் பார்ப்பது தமிழருக்குப் புதிதன்று. குறிஞ்சிக்குப் புணர்தலையும் பாலைக்குப் பிரிதலையும் நெய்தலுக்கு இரங்கலையும் வகுத்து வைத்தது நம் மரபு. சங்கப் பாடல்களின் கடற்கரை, போனவன் வரவில்லையே என்று ஒருத்தி ஏங்கி நிற்கும் இடம். வெயில் நாவல்களில் இது தலைகீழாகின்றது. கடற்கரையில் எவரும் காத்திருப்பதில்லை. பெண்ணே கடல் கடந்து போகின்றாள். பிரிவு நிகழ்ந்தது மழை நகரத்தில்; கூடல் நிகழ்வது கடலோரத்தில்.

நிலத்தின் கருப்பொருள்களும் தவறுவதில்லை. அமெரிக்காவின் காதல் நாவலாசிரியர் சங்கம் வகுத்த வரைவிலக்கணம் இரண்டையே கேட்கின்றது: காதல் கதையின் நடுவே இருக்கவேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தரவேண்டும். வெயில் நாவல் இவற்றோடு உணவையும் தொழிலையும் சேர்த்துக்கொள்கின்றது. ஜோ தோமஸ் 2015இல் வெளியிட்ட 'தி ஒலிவ் பிராஞ்ச்' நாவலில், இங்கிலாந்துப் பெண்ணொருத்தி இணையத்தின் வழியாகத் தென்னித்தாலியின் பூலியாவில் ஒரு பண்ணை வீட்டை வாங்கிவிடுகின்றாள். அங்கு போய் ஒலிவ் மரங்களோடும் அயலாரோடும் வாழப் பழகுகின்றாள். அந்நிய ஊரில் பயனுள்ள ஒரு வேலையைக் கற்று, அதனால் ஊராரின் மதிப்பைப் பெறுவதே இத்தகைய கதைகளின் உள்ளோட்டம். காதல் அதற்குக் கிடைக்கும் பரிசு.

நம்மவரை இக்கதைகள் ஈர்ப்பதன் காரணமும் இதுவே என்று நினைக்கின்றோம். ரமணிசந்திரனின் நாவல்களை வாசித்து வளர்ந்தோர்க்கு இன்பமான முடிவு பழகியதுதான். ஆயினும் வேற்றூருக்கு வந்த பெண்ணை ஊரே கூடி வரவேற்று, ரொட்டியும் பழமும் கொடுத்து, 'இனி நீ எங்களில் ஒருத்தி' என்று ஏற்றுக்கொள்ளும் காட்சி, காதற் காட்சியிலும் பார்க்க ஓர் அகதியின் கண்ணைக் கலங்கச் செய்யும்.

பத்திரம் கேட்காத ஊர்

அக்காட்சியில் ஓர் அதிகாரியும் இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். நேர்காணல் இல்லை, கைரேகை இல்லை, 'ஏன் வந்தாய், எந்த வழியாக வந்தாய்' என்ற கேள்வி இல்லை. நெடுங்காலமாக இந்நாவல்களின் நாயகி எந்தத் தீவிலும் இறங்கி, விரும்பியவரை தங்கி, ஒரு தேநீர்க் கடையும் திறக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் பிரித்தானியா இருந்தவரை அது சட்டத்தாலும் இயன்றது. 2020 ஜனவரி 31இல் பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு விலகிற்று. 2021 ஜனவரி முதல் பிரித்தானியக் குடிமக்கள் செங்கன் நாடுகளில் 180 நாட்களுக்குள் 90 நாட்களே விசாவின்றித் தங்கலாம். ஒலிவ் தோட்டத்துக் காதலனுக்காகத் தங்க விரும்பும் நாயகியும் இப்போது நாட்களை எண்ணவேண்டும். வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்கவேண்டும். நமக்கு நன்கு பழக்கமான அந்த எண்கணிதம் இப்போது அவளுக்கும் வந்துவிட்டது.

அப்போதும் ஒரு வேற்றுமை எஞ்சுகின்றது. விடுமுறை என்ற சொல்லுக்குள், திரும்பிச் செல்ல ஒரு வீடு உண்டு என்ற உறுதி அடங்கியுள்ளது. நாயகி திரும்பாதிருப்பது அவளது விருப்பம். 1951ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையின்படி அகதிக்கு வழங்கப்படும் பயணப் பத்திரமோ, பொதுவாகப் பிறந்த நாட்டைத் தவிர்த்து ஏனைய நாடுகளுக்கே செல்லுபடியாகும்.

அதே கடலில்

இந்நாவல்களின் கடலை நாமும் அறிவோம். சூ மூர்க்ரொஃப்ட் 2020இல் வெளியிட்ட 'சமர் ஒன் எ சணி ஐலன்ட்' என்ற நாவல் மோல்ற்றாத் தீவில் நிகழ்வது. சிறுவயதில் அங்கு வாழ்ந்தவராதலால் அந்த இடத்தின் மீது ஆசிரியைக்குள்ள பற்று உண்மையானது. அதே மோல்ற்றாவுக்கும் சிசிலிக்கும் இடைப்பட்ட கடலில்தான், 1996ஆம் ஆண்டு நத்தார் இரவில், இலங்கைத் தமிழரும் இந்தியரும் பாகிஸ்தானியரும் நிறைந்திருந்த படகு மூழ்கியது. குறைந்தது 283 பேர் மாண்டனர். போர்ட்டோபாலோ மீனவரின் வலைகளில் உடல்கள் அகப்பட்டன. தொழில் முடங்கும் என்ற அச்சத்தில் அவை மீண்டும் கடலில் விடப்பட்டன. வலையில் வந்த தமிழ் இளைஞர் ஒருவரின் அடையாள அட்டையைத் தொடர்ந்து சென்ற இத்தாலியப் பத்திரிகையாளர் ஒருவர், 2001இல் அப்படகின் சிதைவைக் கடலடியில் படம்பிடித்துக் காட்டினார். அதன் பின்னரே உலகம் நம்பியது.

இதைக் கூறுவதால் வெயில் நாவலை எழுதுவோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகின்றோம் என்று எவரும் கொள்ளவேண்டாம். துயரைச் சுமப்பதற்கும் இவ்வகை நாவலில் இடமுண்டு. விக்டோரியா ஹிஸ்லொப் 2005இல் எழுதிய 'தி ஐலன்ட்' கிரீற் தீவின் வெயிலில்தான் நிகழ்கின்றது. ஆனால் அதன் மையம், 1903 முதல் 1957 வரை தொழுநோயாளர்கள் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த ஸ்பினலோங்கா என்ற சிறு தீவு. விடுமுறைக்குக் கொண்டுசெல்லும் நூலாகவே அதனை மக்கள் பெருந்தொகையாக வாங்கினார்கள். வெயிலோடு வரலாற்றையும் வாசிக்க அவர்கள் தயங்கவில்லை.

எழுதப்படாத அறை

சிசிலியின் பலேர்மோ நகரில் 1980களிலிருந்து ஈழத்தமிழர் வாழ்கின்றார்கள். அவர்களிற் பெரும்பாலோர் வீடுகளிற் பணிபுரிந்தும் முதியோரைப் பராமரித்தும் குடும்பத்தைக் காப்பாற்றியவர்கள். 1624ஆம் ஆண்டின் கொள்ளைநோயிலிருந்து நகரைக் காத்தவளென நம்பப்படும் புனித ரொசாலியாவின் குகைக்கோயிலுக்கு, மொன்ரே பெல்லகிரினோ மலையேறி, சைவரும் கத்தோலிக்கருமாக நம்மவர் சென்று நேர்த்தி வைப்பதை அந்நகரத்தார் நன்கறிவர். வெயில் நாவலுக்குத் தேவையான கடல், மலை, திருவிழா, சமையல், அந்நிய ஊரில் முளைக்கும் காதல் யாவும் அங்கு உண்டு. அதனை எழுதவேண்டியவர்கள் அங்கேயே பிறந்து, இத்தாலியமும் தமிழும் பேசும் நம் பிள்ளைகள்.

அதுவரை நம் வீட்டுப் பெண்கள் இந்த நூல்களை வாசிக்கட்டும். வாழ்வை எந்த வயதிலும் மீண்டும் தொடங்கலாம் என்று ஒரு புத்தகம் கூறுவதில் தீங்கொன்றும் இல்லை. மகளின் கையிலுள்ள நாவலைப் பறித்து வைக்கும் பெற்றோர், அதற்குப் பதிலாக அவளிடம் ஒரு கேள்வியைக் கேட்கலாம்: கடலைப் பார்த்த அந்த வெள்ளை வீட்டில், கதாநாயகி வருமுன் அறையைக் கூட்டிக் கட்டிலை விரித்து வைத்தவள் யார்? அவளுடைய கதை எந்தப் பக்கத்தில் இருக்கின்றது?