பத்து சென்ட் நிலமும் ஒரு கணக்குப் புத்தகமும்

கிராமத்தில் இளைஞர் மன்றம் அமைப்பது குறித்துப் பேசும்பொழுதெல்லாம், கட்டடத்திற்கு இடம் எங்கே, தலைவர் யார் என்ற வினாக்களே முதலில் எழக் காண்கிறோம். மன்றத்தார் என்ன வேலை செய்யப்போகிறார்கள் என்பது கடைசியில்தான் வருகிறது. வராமலே போய்விடுவதும் உண்டு. திறப்பு விழா முடிந்த மறு ஆண்டே பூட்டுத் துருப்பிடிக்கும் மன்றங்கள் அவ்விதம் பிறந்தவையே. சொந்தக் கட்டடமின்றித் தொடங்கி, நூறாண்டு கடந்தும் தழைத்து நிற்கும் ஓர் இளைஞர் இயக்கத்தின் வரலாறு நம் ஊராட்சி உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் பயன்படக்கூடியது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் ‘ஃபோர்-எச்’ மன்றங்களையே குறிப்பிடுகிறோம். தலை, இதயம், கை, உடல்நலம் என்பவற்றைக் குறிக்கும் நான்கு ஆங்கிலச் சொற்களும் ‘எச்’ எழுத்தில் தொடங்குவதால் இப்பெயர் வந்தது. நான்கு இலைகள் கொண்ட ஒரு தீவனப் பூண்டு இதன் சின்னம்.

ஒஹாயோ மாநிலத்தில் ஏ. பி. கிரகாம் என்பவர் கிராமப் பள்ளிகளின் கண்காணிப்பாளராக இருந்தார். 1902-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் தேதி, ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், நீதிமன்றக் கட்டடத்தின் நிலவறையில், பள்ளிச் சிறுவர் சிறுமியரைக் கூட்டினார். மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேளாண்மைக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் அவருக்குத் துணை நின்றன. பிள்ளைகள் பொறுக்கு விதையைக் கொண்டு மக்காச்சோளம் பயிரிட்டனர். காய்கறியும் பூச்செடியும் வளர்த்தனர். வீட்டு வயலின் மண் புளிப்புத் தன்மையுடையதா என்று லிட்மஸ் தாளால் சோதித்தனர். செய்ததை எழுதியும் வைத்தனர். மூன்றே ஆண்டுகளில் அம்மாநிலத்தின் 16 மாவட்டங்களில் மன்றங்கள் தோன்றிவிட்டன.

பெரியவர்களை விட்டுச் சிறுவர்களிடம் ஏன் சென்றார்கள்? புதிய விதை நல்லது என்று கல்லூரி கூறினாலும், குடும்பத்தின் ஓராண்டு உணவை அந்நியர் சொல்லை நம்பி எந்த உழவரும் பணயம் வைக்கமாட்டார். அது அறியாமையன்று; முன்யோசனையே. ஆனால் மகனுக்கு மூலையில் ஒரு துண்டு நிலத்தை விட்டுக்கொடுப்பதில் பெரிய நஷ்டமில்லை. அத்துண்டில் விளைந்ததோ தந்தையின் கண்ணெதிரே நின்றது; அதை மறுத்துப் பேச வழியில்லை.

தென் மாநிலங்களில் இம்முறை இன்னும் உரம் பெற்றது. மிசிசிப்பி மாநிலத்தின் ஹோம்ஸ் மாவட்டத்தில் 1907-ஆம் ஆண்டில் சிறுவர்களுக்கான மக்காச்சோள மன்றம் எழுந்தது. ஆளுக்கு ஓர் ஏக்கர் என்பது அம்மன்றங்களின் விதி. 1910-ஆம் ஆண்டில் தென் கரோலினாவைச் சேர்ந்த ஜெர்ரி மூர் என்ற சிறுவன் தன் ஓர் ஏக்கரில் 228¾ புஷல் மக்காச்சோளம் எடுத்தான். ஒரு புஷல் ஏறக்குறைய 25 கிலோ. அந்நாளில் நாட்டின் சராசரி விளைச்சல் ஏக்கருக்கு 30 புஷலைக்கூட எட்டவில்லை.

எருவையும் உரத்தையும் அள்ளிக் கொட்டினால் யாரும் விளைவிக்கலாமே என்று நம் விவசாயிகள் கேட்பார்கள். கேட்பது நியாயந்தான். அம்மன்றங்களை நடத்தியவர்களும் இதை எண்ணிப் பார்த்தே போட்டிக்கு மதிப்பெண் வகுத்தனர். விளைச்சலுக்கு 30, செலவு போகக் கிடைத்த இலாபத்திற்கு 30, காட்சிக்கு வைத்த பத்துக் கதிர்களுக்கு 20, பயிரின் வரலாற்றை எழுதிய குறிப்பிற்கு 20. ஆக, விளைச்சல் எவ்வளவு மதிப்புப் பெற்றதோ அவ்வளவே கணக்கும் பெற்றது. விதைக்கு எவ்வளவு, உழவுக்கு எவ்வளவு, தன் உழைப்பின் கூலி எவ்வளவு என்று பன்னிரண்டு வயதில் எழுதிப் பழகிய பிள்ளை, வளர்ந்தபின் கடன் பத்திரத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடமாட்டான். இவ்வியக்கத்தின் உயிர்நாடி இதுவே என்பது நம் கருத்து.

பெண்பிள்ளைகளின் பங்கும் சிறிதன்று. தென் கரோலினாவின் ஏக்கன் மாவட்டத்தில் மேரி குரோமர் என்ற ஆசிரியை 1910-ஆம் ஆண்டில் தக்காளி மன்றம் தொடங்கினார். ஒவ்வொரு சிறுமிக்கும் ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது நம் கணக்கில் 10 சென்ட், நிலம். விளைந்த தக்காளியை டப்பாக்களில் அடைத்துப் பதப்படுத்தி விற்றனர். வந்த பணம் அவர்களுக்கே உரியதாயிற்று. மகளிர் சுய உதவிக் குழுக்களை அறிந்த நமக்கு இதன் அருமையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

1914-ஆம் ஆண்டில் ஸ்மித்-லீவர் சட்டம் நிறைவேறி, மைய அரசும் மாநிலங்களும் மாவட்டங்களும் செலவைப் பகிர்ந்துகொள்ளும் வேளாண்மை விரிவாக்க ஏற்பாடு பிறந்தபொழுது, இம்மன்றங்களும் அதன் கீழ் வந்தன. இன்று உறுப்பினர் தொகை ஏறக்குறைய 60 இலட்சம் என இயக்கத்தார் கூறுகின்றனர். நகரப் பிள்ளைகளும் அதில் அடங்குவர்.

இவ்வளர்ச்சியில் ஒரு பெருங்குறையும் இருந்தது. தென் மாநிலங்களில் வெள்ளையர் பிள்ளைகளுக்கு ஒரு மன்றம், கறுப்பர் பிள்ளைகளுக்கு வேறொரு மன்றம் என்று பிரித்தே நடத்தினர். பின்னவற்றிற்குக் கிடைத்த பணமும் பணியாளரும் குறைவு. 1964-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்திற்குப் பின்னரே அப்பிரிவினை சட்டப்படி நீங்கிற்று. ஊர்த் தெருவுக்கு ஒரு மன்றம், காலனிக்கு ஒரு மன்றம் என்று நம் ஊர்களில் எங்கேனும் இருக்குமாயின், அதை வழக்கம் என்று விட்டுவிடாமல் ஒன்றாக்குவது ஊராட்சியின் கடமை.

நம் நாட்டில் 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய காலத்தில், கிராம சேவகரின் அலுவல்களில் இளைஞர் மன்றம் அமைப்பதும் ஒன்றாக இருந்தது. அமெரிக்க விரிவாக்க முறையின் சாயலும் அத்திட்டத்தில் உண்டு. 1972-ஆம் ஆண்டில் நேரு யுவ கேந்திரங்கள் தோன்றின. ஆகவே மன்றம் என்ற சொல் நமக்குப் புதிதன்று. விளையாட்டும் வாசகசாலையும் வேண்டியவையே. ஆயினும் அவற்றோடு, ஒவ்வோர் உறுப்பினனுக்கும் தனக்கென்று ஒரு பொறுப்பு இருத்தல் வேண்டும். நிலமுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தந்தையே ஐந்து அல்லது பத்து சென்ட் ஒதுக்கலாம். நிலமற்ற வீட்டுப் பிள்ளைக்கு நான்கு கோழிக்குஞ்சுகளோ ஓர் ஆட்டுக்குட்டியோ போதும். பள்ளித் தோட்டத்தில் ஆளுக்கொரு பாத்தி பிரித்துக் கொடுக்கவும் தலைமையாசிரியர் இசைவார்.

ஆடிப்பட்டத்தில் வெண்டை விதைத்தால் ஐம்பது நாட்களுக்குள் முதற் காய் பறிக்கலாம். அக்டோபர் 2-ஆம் தேதி கிராம சபை கூடும்பொழுது பல பறிப்புகள் முடிந்திருக்கும். பிள்ளைகள் தத்தம் கணக்குப் புத்தகத்தைக் கையில் ஏந்தி, செலவும் வரவும் வாசிக்க அச்சபையிலேயே கால்மணி நேரம் ஒதுக்கித் தரலாம்.