வேனில் ஏற்றும் ஜெனரேட்டர்

சொந்த ஊரில் கல்யாணம் என்றதும் குரோம்பேட்டை, பல்லாவரம், தாம்பரம் பகுதிகளில் வாழும் நம் குடும்பங்கள் ஒரு வேனை அமர்த்திக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலை வழியே தெற்கு நோக்கிப் புறப்பட்டுவிடுவது வழக்கம். பெரியவர்கள் முன்னிருக்கையிலும், பெண்கள் நடுவிலும், பிள்ளைகள் பின்னாலுமாக அமர்ந்துகொள்ள, பெட்டிகளும் பாய்களும் சமையல் சட்டிகளும் கிடைத்த இடத்தில் செருகப்படும். எல்லாம் ஏற்றி முடிந்த பிறகு, "ஊரில் கரண்ட்டை நம்ப முடியாது, இதையும் போட்டுக்கொள்ளுங்கள்" என்று யாரேனும் ஒரு சிறிய ஜெனரேட்டரைத் தூக்கி வருவார்கள். அது கடைசி இருக்கையின் காலடிக்குப் போய்ச் சேரும். அதன் மேல் ஒரு தலையணையைப் போட்டு, இடம் கிடைக்காத பிள்ளையை உட்கார வைப்பதும் உண்டு.

கடைசியாக ஏறிய அந்தச் சாமானைப் பற்றித்தான் இங்கே உங்களிடம் பேச விரும்புகிறேன்.

ஜெனரேட்டர் நமக்குப் புதிய பொருளன்று. ஸ்ரீராம் ஹோண்டா, பிர்லா யமஹா என்ற பெயர்கள் கடைத்தெருவில் ஒலித்த காலத்தை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். பெட்ரோலில் கிளப்பிவிட்டு, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்பி ஓட்டும் வகையும் அப்போது இருந்தது. இன்றும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய இயந்திரங்களுக்குக் குறைவில்லை. 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கிய ஒரே நாள் மழையில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டி, முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கியபோது, மாடியில் சிக்கிய குடும்பங்களுக்குக் கைப்பேசியின் மதிப்பும் அதற்கு மின்சாரம் ஊட்டும் பெட்டியின் மதிப்பும் ஒருசேரப் புரிந்தன. அடுத்த ஆண்டே வர்தா புயல் வந்தது. 2018இல் கஜா, 2023இல் மிக்ஜாம். ஆகவே ஒரு ஜெனரேட்டரை வாங்கி வைத்துக்கொண்டவர்களை நான் குறை கூற மாட்டேன். அதை மனிதர்களோடு ஒரே கூண்டில் அடைத்துக்கொண்டு பிரயாணம் செய்வதைத்தான் குறை கூறுகிறேன்.

வடகரையில் நின்ற வண்டி

படப்பிடிப்புத் தளங்களில் நிற்கும் கேரவன் வண்டியை நீங்கள் பார்த்திருக்கலாம். படுக்கை, குளிர்சாதனம், கண்ணாடி மேசை எல்லாம் அமைந்த நகரும் வீடு அது. 2024 டிசம்பரில் கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்திலுள்ள வடகரையில், நெடுஞ்சாலை ஓரமாக அத்தகைய வண்டி ஒன்று நின்றுகொண்டிருந்தது. நெடுநேரமாகியும் அது நகரவில்லை. ஐயமுற்றுத் திறந்து பார்த்தபோது அதில் பணிபுரிந்த இருவரும் இறந்து கிடந்தார்கள். ஒருவர் படிக்கட்டருகே கிடந்தார், மற்றவர் உள்ளே. உடலில் காயம் எதுவுமில்லை.

களைப்பாறப் படுத்தவர்கள் குளிர்சாதனத்தை ஓடவிட்டிருக்கிறார்கள். அதற்காக வண்டியோடு இணைந்த ஜெனரேட்டரும் ஓடிக்கொண்டிருந்தது. கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழக வல்லுநர்கள் பின்னர் அதே வண்டியில் சோதனை நடத்தி, ஜெனரேட்டரின் புகை வண்டியின் தளத்திலிருந்த துவாரம் வழியாக உள்ளே புகுந்ததைக் கண்டறிந்தார்கள். இரண்டு மணி நேரத்தில் உள்ளிருந்த காற்றில் கார்பன் மோனாக்சைடின் அளவு பத்து இலட்சத்தில் 957 பங்கு என்ற நிலைக்கு ஏறியிருந்தது. 800 பங்கு இருந்தாலே முக்கால் மணி நேரத்தில் தலை சுற்றிக் குமட்டும். இரண்டு மணி நேரத்தில் நினைவு தப்பும் என்கிறது மருத்துவம்.

அந்த வாயுவுக்கு நிறமில்லை, வாடையில்லை. நம் இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் செந்நிறப் பொருளை அது பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையோடு பற்றிக்கொள்கிறது. விழித்திருப்பவருக்குத் தலைவலியாவது எச்சரிக்கை தரும். உறங்குபவருக்கு அதுவும் கிடையாது. படிக்கட்டருகே கிடந்தவரை நினைக்கும்போதெல்லாம், அவர் கதவை நோக்கித்தான் நகர்ந்திருப்பாரோ என்று என் மனம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

கேரவன் வைத்திருப்பவர்களுக்கு உரிய பாடம் இது என்று நினைத்து நகர்ந்துவிடாதீர்கள். வழியில் வேனை நிறுத்தி, கைக்குழந்தைக்குப் புழுக்கம் என்று சொல்லி, பின்கதவை ஒரு சாண் திறந்து வைத்து உள்ளேயே ஜெனரேட்டரை ஓட்டி மின்விசிறி போட்டவர்களை நான் அறிவேன். ஒரு சாண் திறப்பும் முழுதாய் மூடிய கதவும் அந்த வாயுவுக்கு ஏறத்தாழ ஒன்றுதான். ஓடும் ஜெனரேட்டர் மனிதர் இருக்கும் வண்டியிலிருந்தும் வீட்டின் கதவு சன்னல்களிலிருந்தும் குறைந்தது 20 அடி தள்ளி, திறந்த வெளியில், புகைக்குழாய் நம்மை நோக்காதவாறு இருக்க வேண்டும்.

ஓடாதபோதும் ஓயாத ஆபத்து

"நாங்கள் பிரயாணத்தில் அதை ஓட்டுவதே இல்லையே" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படிக் கேட்டவன்தான்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரை கடந்தது. ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கிராமங்களில் நீர்த்தொட்டி இருந்தது, ஆழ்குழாய் இருந்தது, மோட்டாரை இயக்க மின்சாரந்தான் இல்லை. எங்கள் தெருவினர் சிலர் அரிசி மூட்டைகளையும் தார்ப்பாய்களையும் ஒரு ஜெனரேட்டரையும் வேனில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். திண்டிவனம் தாண்டியதும் பின்னால் அமர்ந்திருந்த என் சகோதரியின் மகன், "மாமா, பெட்ரோல் வாடை வருதே" என்றான். பக்கத்தில் பங்க் இருக்கும் என்று நான் பதில் சொன்னேன். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் சொன்னான். எனக்கும் நெற்றிப்பொட்டில் வலி தொடங்கியிருந்தது. நிறுத்திப் பார்த்தால், ஜெனரேட்டரின் அடியில் விரித்திருந்த சாக்கு நனைந்து, பெட்ரோல் அரிசி மூட்டைவரை ஊறியிருந்தது.

குற்றம் எங்களுடையது. எரிபொருள் திருகை மூட மறந்திருந்தோம். வண்டி குலுங்கும்போது கார்புரேட்டரின் மிதவை ஒழுங்காக அடைக்காது; டாங்கியிலிருந்து பெட்ரோல் இறங்கிக்கொண்டே இருக்கும். டாங்கி மூடியிலுள்ள காற்றுத் திருகையும் நாங்கள் அடைக்கவில்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே எழுந்து சன்னல் வழியே போய்விடாது. தரையோடு படர்ந்து, இருக்கைகளுக்கு அடியில் தங்கும். தீப்பிடிக்க அதற்குச் சூடும் தேவையில்லை; எந்தத் தட்பவெப்பத்திலும் ஒரு பொறி போதும். அந்த மூட்டை அரிசியைக் கொட்டினோம். எஞ்சிய பாதையில் ஜெனரேட்டரை எங்களுக்கு முன்னே சென்ற சுமை வண்டிக்கு மாற்றிவிட்டோம்.

ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். சென்று சேர்ந்த ஊரில் அந்த இயந்திரம் மோட்டாரை இயக்கி, மேல்நிலைத் தொட்டியில் நீர் ஏறி, குழாயில் முதல் தண்ணீர் விழுந்தபோது குடங்களோடு நின்ற பெண்களின் முகத்தை நான் மறக்கவில்லை. கொண்டு சென்றது சரிதான். கொண்டு சென்ற விதந்தான் தவறு.

ஆகையால் ஏற்றுமுன், எரிபொருள் திருகை மூடிவிட்டு எஞ்சினை அது தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். கார்புரேட்டரில் தங்கிய பெட்ரோல் தீர்ந்துவிடும். டாங்கியிலிருப்பதையும் வடித்துவிடுவது இன்னும் மேல். நிமிர்த்தியே வையுங்கள், இடம் போதவில்லை என்று சாய்த்துப் படுக்க வைத்தால் எஞ்சின் எண்ணெய் காற்று வடிகட்டியிலும் சிலிண்டரிலும் இறங்கி, ஊரில் போய்க் கயிற்றை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்துபோகும்.

டின்னில் கொண்டுபோகும் பெட்ரோல்

சேருமிடத்தில் பங்க் இருக்குமானால் பெட்ரோலை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். சிறிய ஜெனரேட்டர் மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர்வரை குடிக்கும். ஓர் இரவுக்கு எவ்வளவு தேவை என்பதைக் கணக்கிட்டால், கேன் கேனாக அடுக்க வேண்டியதில்லை. எடுத்துச் சென்றே ஆகவேண்டிய நிலை வந்தால், 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம் கூறுவதை அறிந்துகொள்ளுங்கள். விற்பனைக்கல்லாமல் உரிமமின்றி எடுத்துச் செல்லத்தக்கது மொத்தம் 30 லிட்டர். அதுவும் இறுக மூடிய கண்ணாடி, பீங்கான் வகைக் கலன் எனில் ஒரு லிட்டருக்கு மேற்படாமலும், உலோகக் கலன் எனில் 25 லிட்டருக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். தண்ணீர் கேனும் சமையல் எண்ணெய் டப்பாவும் அந்த வரிசையில் இல்லை. விளிம்புவரை நிரப்பாதீர்கள், வெயிலில் பெட்ரோல் விரியும். நிரப்பும்போது டின்னைத் தரையில் வைத்து நிரப்புங்கள்.

ரயிலுக்கோ ஒரு சொட்டும் ஆகாது. 2023 ஆகஸ்டு 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில் பயணிகள் மறைத்துக் கொண்டுவந்த எரிவாயு உருளையால் தீப்பிடித்து 9 பேர் மாண்டதை நாம் படித்தோம் அல்லவா? அதிகாலைத் தேநீருக்காக மூட்டிய அடுப்பு அது. அத்தகைய பொருள்களை ரயிலில் கொண்டு செல்வோருக்கு 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் மூன்றாண்டுவரை சிறை விதிக்கிறது.

கட்டுவது எப்படி?

வேன் 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்று திடீரென முட்டி நின்றால், கட்டப்படாத ஜெனரேட்டர் அதே வேகத்தில் முன்னோக்கிப் பாயும். ஏறத்தாழ 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நான்காம் மாடியிலிருந்து, அதைக் கீழே போட்டால் விழும் வேகம் அது. 40 கிலோ இரும்பு. அதன் முன்னே அமர்ந்திருப்பது யார் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

வேனின் கூரைமேல் ஏற்றுவதையும் நான் விரும்பவில்லை. உச்சியில் பாரம் ஏறினால் வளைவில் வண்டி சாயும். ஏற்றி இறக்குகையில் கைதவறினால் கீழே நிற்பவர் கதி என்ன? பின்கதவு ஏணியில் தொங்கவிடுவதும் அப்படியே. அமெரிக்காவில் வீட்டையே சக்கரத்தில் ஏற்றிக் காரின் பின்னால் இழுத்துச் செல்லும் குடும்பங்கள் பல. அவர்களிலும் சிலர் வண்டியின் பின்தடுப்பில் ஒரு தட்டைப் பற்றவைத்து ஜெனரேட்டரை ஏற்றிவிட்டு, அது ஓடும் சாலையில் முறிந்து விழக் கண்டிருக்கிறார்கள். மேலும், இழுவை வண்டியின் எடையில் 10 முதல் 15 விழுக்காடு முன்கொக்கியில் தங்க வேண்டும் என்பது அங்குள்ள கணக்கு. வாலில் பாரம் கூடினால் வண்டி பாம்புபோல் நெளியத் தொடங்கும். நீங்கள் சிறு இழுவை வண்டி பூட்டிச் செல்வதானால், கனமான பொருளைச் சக்கர அச்சுக்குச் சற்று முன்னால், தரையோடு வையுங்கள்.

நமக்கு எளிய வழி, தெருமுனையில் நிற்கும் குட்டியானை எனப்படும் சிறு சுமைவண்டி. சாமியானா, சட்டி, ஜெனரேட்டர் எல்லாம் அதில் போகட்டும். மனிதர்கள் வேனில் போகட்டும். வாடகை கூடுதலாகும் என்பது உண்மைதான். நாலைந்து குடும்பம் பகிர்ந்துகொண்டால் அது ஒரு பொருட்டாகாது.

சுமைவண்டியில் அடியில் ஒரு ரப்பர் விரிப்பு இடுங்கள். வெறும் தகரத்தின்மேல் இயந்திரம் வழுக்கும். தூக்கும் கைப்பிடியில் கட்டாதீர்கள். இரும்புச் சட்டத்தின் நான்கு மூலைகளிலிருந்தும் நான்கு திசைக்கு இழுத்துக் கட்டுங்கள். தேங்காய் நார்க் கயிறு நனைந்து காய்ந்தால் தளரும். நைலான் கயிறு இழுபடும், முடிச்சும் நழுவும். லாரிக்காரர்கள் பயன்படுத்தும் பல்சக்கரப் பட்டையே சிறந்தது. எவ்வளவு இறுக்கினாலும் முதல் சில மைல்களில் பாரம் உட்கார்ந்து கட்டுத் தளரும். குரோம்பேட்டையில் புறப்பட்டால் கூடுவாஞ்சேரியில் இறங்கி ஒருமுறை அசைத்துப் பாருங்கள். பிறகு தேநீருக்கு நிறுத்தும் இடந்தோறும் பாருங்கள். தேநீர் குடிக்கும் நேரத்தில் அது களவுபோகாமலிருக்க, ஒரு சங்கிலியைச் சட்டத்தின் ஊடே விட்டு வண்டியின் இரும்போடு பூட்டிவிடுங்கள். இயந்திரத்தின் எண்ணை வீட்டில் ஒரு தாளில் எழுதி வைத்திருப்பது, தொலைந்தால் காவல்நிலையத்தில் உதவும்.

ஊர் சேர்ந்ததும் சிலர் செய்யும் ஒரு காரியம் மற்றவரின் உயிருக்கே வினையாகும். இரண்டு முனையிலும் பிளக் மாட்டிய ஒயரால் ஜெனரேட்டரை வீட்டுச் சுவரின் துவாரத்தில் செருகி வீடு முழுவதையும் எரிய விடுவார்கள். அந்த மின்சாரம் மீட்டரைத் தாண்டித் தெருக் கம்பிக்கும் போகும். கம்பத்தில் ஏறி நிற்கும் மின்வாரியத் தொழிலாளி, லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கையை வைத்திருப்பார். தேவையான விளக்கையும் விசிறியையும் நேரே ஜெனரேட்டரிலிருந்தே மாட்டிக்கொள்ளுங்கள்.

திரும்பும் வேளையில்தான் பலர் கவனம் தவறுகிறார்கள். விருந்து முடிந்து நள்ளிரவில் எல்லோரும் வேனில் ஏறி அமர்ந்துவிட, கடைசி விளக்கை அணைத்த கையோடு கொதிக்கும் ஜெனரேட்டரைத் தூக்கி ஏற்றுவார்கள். புகைக்குழாய் ஆற அரைமணி நேரமாவது ஆகும். அதனருகே தார்ப்பாயோ சாக்கோ பட்டால் தீய்ந்துவிடும். அந்த அரைமணி நேரத்திற்கு, விசிறியை முன்னதாகவே நிறுத்திவிட்டு ஒரு டார்ச் விளக்கை ஏற்றி வையுங்கள். பெரியவர்கள் விடைபெற்று முடிக்க அவ்வளவு நேரம் எப்படியும் ஆகத்தான் செய்யும்.