நம்பர் நம்முடையது!

வீடு மாறினால் பால்காரருக்கும் தபால்காரருக்கும் சொன்னால் போதும். செல்போன் நம்பரை மாற்றினால்? பாங்கு, காஸ் கம்பெனி, குழந்தையின் பள்ளிக்கூடம், ஊரிலுள்ள நாத்தனார் – எத்தனை பேருக்குச் சொல்லி அழுவது? இந்தப் பயத்தினாலேயே பிடிக்காத கம்பெனியோடும் பல்லைக் கடித்துக்கொண்டு காலந்தள்ளினோம், அல்லவா?

1995-ல் சென்னைக்குச் செல்போன் வந்தபோது கம்பெனிகள் இரண்டே இரண்டு. நமக்கு வந்த அழைப்புக்கும் நாமே காசு கொடுத்த காலம் அது! பிறகு போட்டி பெருகியது, கட்டணம் இறங்கியது. 2011 ஜனவரி 20-ந் தேதி முதல், கம்பெனியை மாற்றினாலும் நம்பர் நம்மோடு வரலாம் என்ற விதி நாடெங்கும் அமலாயிற்று.

ஆனால், 2018 பிப்ரவரியில் ஏர்செல் செல்போன்கள் தமிழ்நாட்டில் பல இடங்களில் ஊமையாகிவிட்டன. விலகுவதற்கான குறியீட்டை அதே போனிலிருந்து எஸ்.எம்.எஸ். அனுப்பித்தான் கேட்க வேண்டும். சிக்னலே இல்லாதவர் எப்படி அனுப்புவார்? கடை வாசல்களில் ஜனங்கள் காத்துக் கிடந்தார்கள்.

ஆகவே, சகோதரிகளே, மாறுவதென்றால் சிக்னல் உள்ளபோதே மாறுங்கள். 'போர்ட்' என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு நம்பரையும் சேர்த்து, 1900-க்கு அனுப்புங்கள். எட்டு எழுத்துக் குறியீடு வரும். நான்கு நாள் செல்லும். நம்பர் வாங்கித் தொண்ணூறு நாளாகியிருக்க வேண்டும். பில் பாக்கி கூடாது. தமிழ்நாட்டுக்குள்ளேயே மாறுகிறவர்களுக்கு மூன்று வேலை நாட்களில் காரியம் முடிந்துவிடும்.

குறியீட்டைப் புதுக் கம்பெனிக் கடையில் மட்டும் கொடுங்கள். "கொஞ்சம் சொல்லுங்களேன், அம்மா!" என்று போனில் யாராவது தேனொழுகக் கேட்டால் வாயைத் திறக்காதீர்கள். நம்பர் அவன் கைக்குப் போனால், பாங்கு அனுப்பும் ரகசிய எண்ணும் அவனுக்கே போகும்!